எறும்பு தொடாத கோலம்

கொரோனாவுக்காகப் பெரிய மார்க்கெட்டைப் பூட்டிவிட்டு, காய்கறிக் கடைகளையெல்லாம் பஸ் ஸ்டாண்டுக்குள் கொண்டுபோய் வைத்தார்களே, அதற்கு அடுத்த வருஷம் தொடங்கியது இது. வருஷக் கணக்கு எனக்கு அப்படித்தான் வரும். பள்ளிக்கூடம் போகாதவனுக்கு நம்பர் தங்காது. எதற்கு முன்னால் எது, எதற்குப் பின்னால் எது என்பது மட்டும் தங்கும். பஸ் வராத பஸ் ஸ்டாண்டில், ஊர்ப்பெயர் எழுதிய பலகைக்குக் கீழே ஒருத்தி கொத்தமல்லி விற்றுக்கொண்டிருந்தாள். அது இன்னும் கண்ணில் இருக்கிறது. அதை வைத்துத்தான் மற்றதையெல்லாம் எண்ணிக்கொள்கிறேன்.

நான் மில்லில் வேலை பார்த்தவன். முத்தியால்பேட்டையில் குடியிருப்பு. மில் மூடிய பிறகு வாட்ச்மேன் வேலை, அப்புறம் பெயின்ட் கடையில் மூட்டை இறக்குவது. விவசாயத்துக்கு வந்தது எல்லாவற்றுக்கும் கடைசியில். காலாப்பட்டைத் தாண்டி, கனகசெட்டிக்குளத்துக்கு முன்னால் மேற்கே ஒரு மண் பாதை திரும்பும். அங்கே அரைக் காணி நிலம். எங்களுடையது இல்லை. சொல்தா வீட்டம்மாவுடையது. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கியவர்களை எங்கள் ஊரில் சொல்தா என்போம். அந்த அம்மாவின் வீட்டுக்காரர் அப்படிப்பட்டவர். அவர் இறந்து ரொம்ப நாளாகிறது. ஒரே பிள்ளை பாரீஸில். அந்த அம்மாவை நான் மதாம் என்றுதான் கூப்பிடுவேன். எல்லாரும் அப்படித்தான்.

குத்தகை என்று எதுவும் கிடையாது. வாரத்துக்கு ஒரு முறை அவருக்குக் கீரையும் காயும் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். நிலத்தைக் கையில் கொடுத்த அன்று மதாம் சொன்னதை அப்படியே சொல்கிறேன்.

"தோ பாருப்பா. வித்துடு, வித்துடுன்னு என் பிள்ளை போன்ல உசுர எடுக்கறான். நான் அவங்கிட்ட இன்னா சொல்லியிருக்கேன் தெரியுமா? அந்த மண்ணுலேர்ந்து ஒரு கட்டு கீரை என் தட்டுக்கு வர்ற வரைக்கும் கல்லு நட விடமாட்டேன்னு. நீ கீரைய நிறுத்தின அன்னிக்கு நான் பேனாவ எடுத்துடுவேன்."

கல் என்றால் மனைக் கல். எங்களைச் சுற்றி மூன்று பக்கமும் அதுதான். முழங்கால் உயரம், வெள்ளை அடித்து, தலையில் மட்டும் சிவப்பு. வரிசை வரிசையாக நிற்கும். காலை முதல் பஸ்ஸில் இறங்கி, பனியில் அந்தப் பாதையில் நடந்தால், குனிந்து உட்கார்ந்த ஆட்கள் நம்மைப் பார்க்கிற மாதிரியே இருக்கும். என் வீட்டுக்காரி அந்த இடம் வரும்போது பேச்சை நிறுத்திவிடுவாள்.

மருந்தும் யூரியாவும் போடாத விவசாயம். அதைச் செய்ய வேண்டும் என்று நான் ஆசைப்பட்டு வந்தவன் இல்லை. மருந்து வாங்க வழியில்லை, அதனால் போடவில்லை. அப்புறம் டவுனில் பதினாலு வீடு அதற்காகவே எங்களிடம் வாங்க ஆரம்பித்தது. மாட்டுச் சாணம் பக்கத்தில் பால்காரரிடம் கிடைக்கும். மீன் குடலும் தலையும் குப்பத்தில் கேட்டால் கொடுப்பார்கள். வெல்லத்தில் ஊறவைத்துத் தண்ணீரில் கலந்து விடுவோம். மண்புழுத் தொட்டிக்கு ஆறு சிமென்ட் உறை இறக்கியிருந்தோம். சிறுகீரை, அரைக்கீரை, கொஞ்சம் பாகல், பீர்க்கு. கீரையில் ஓட்டை இருக்கும். வாங்குகிறவர்கள் முகத்தைச் சுளிப்பார்கள், ஆனாலும் வாங்குவார்கள். "பூச்சி தின்னுட்டு மிச்சத்த எங்களுக்கு குடுக்கறீங்களா?" என்று ஒரு வீட்டில் கேட்டார்கள். "பூச்சி தின்னு பாத்து, நல்லாருக்குன்னு சொன்னதுதாம்மா இது," என்று என் வீட்டுக்காரி சொல்லிவிட்டாள். அந்த வீடு அதற்கப்புறம் வாங்காமல் நின்றதே இல்லை.

பூ வந்த கதைக்கு வருகிறேன்.

சாமிக்கு வைத்த பூவை யாரும் குப்பையில் போட மாட்டார்கள். கால் படாத இடத்தில் போட வேண்டும். டவுனில் கால் படாத இடம் எங்கே இருக்கிறது? மாடி வீட்டில் இருப்பவர்கள் பையில் கட்டி ஆணியில் மாட்டி வைத்திருப்பார்கள். ஒரு சனிக்கிழமை கீரை கொடுக்கப் போனபோது ஒரு அம்மா, "இத உங்க நெலத்துல போட்டுடறீங்களா?" என்று வெள்ளிக்கிழமைப் பூவை நீட்டினார். வாங்கிக்கொண்டேன். அடுத்த வாரம் எதிர்வீடு. அப்புறம் பதினாலு வீடும். மதாம்கூட மாதா படத்துக்குப் போட்ட மாலையைக் கொடுப்பார். கீரை கொடுத்துப் பூ வாங்கி வருவது. அதில் எல்லாருக்கும் ஒரு நிறைவு. வாசலோடு நின்றவனை உள்ளே கூப்பிட்டு உட்காரச் சொல்லும் அளவுக்கு அது ஆனது.

அந்த அளவோடு நின்றிருக்கலாம்.

என் மச்சான், வீட்டுக்காரியின் தம்பி, பெரிய மார்க்கெட்டில் பூக்கடைப் பக்கம் மூட்டை தூக்குகிறவன். அந்த வருஷம் ஆயுத பூஜை முடிந்த மறுநாள் வந்தான்.

"மாமா, விக்காத பூ மலையா கெடக்குது. வாரிக் கொட்ட எடமில்ல. ரெண்டு லோடு ஆட்டோல ஏத்தி உடறேன், வாங்கிக்க. சும்மாதான்."

"சும்மா குடுக்கற ஆளா நீ?" என்றாள் அவன் அக்கா.

"ஒரு கோழி அடிச்சு போடு அக்கா, போதும்."

சாமந்தி, ரோஜா, கோழிக்கொண்டை, சம்பங்கி. ரெண்டு லோடு ஐந்தானது. பூதானே, சுத்தமான பொருள்தானே என்று நினைத்தேன். சாணியை மோந்து பார்த்து வாங்குகிறவன் நான். பூவை மோந்துகூடப் பார்க்கவில்லை. கிணற்றுப் பக்கம், கிழக்குப் பாதியில்தான் எங்கள் கீரைப் பாத்தி எல்லாம். அங்கேயே குழி வெட்டி, சாணியோடும் மீன் குடலோடும் சேர்த்து மூடினோம்.

தை பிறந்து குழியைத் திறந்தபோது முதல் தடவை எனக்கு என்னவோ போல இருந்தது. மேலே கறுப்பாக மக்கியிருந்தது. மண்வெட்டியை உள்ளே விட்டுப் புரட்டினேன். உள்ளே சாமந்தி மஞ்சளாக இருந்தது. போட்ட அன்றைக்கு இருந்த அதே மஞ்சள். மூன்று மாசம் மண்ணுக்குள் இருந்த பூ. சூடும் இல்லை, நாற்றமும் இல்லை. குழி மக்கும்போது கை வைத்தால் சுடும். இது தொட்டிநீர் மாதிரிக் குளிர்ந்து கிடந்தது. "இன்னும் ஆகலையோ," என்று சொல்லிக்கொண்டே மக்கிய வரைக்கும் அள்ளிப் பாத்தியில் போட்டேன். மண்புழு உறையிலும் போட்டேன்.

மாசி மாசம் ஒரு காலையில் என் வீட்டுக்காரி கூப்பிட்டாள். கொல்லையில், அதாவது அந்த நிலத்தில், நாங்கள் போட்டிருந்த கொட்டகை வாசலில் அவள் தினமும் கோலம் போடுவாள். வீட்டிலும் சரி, கொல்லையிலும் சரி, பச்சரிசி மாவுதான். கல் மாவு விற்பவனைக் கண்டால் திட்டுவாள். எறும்பு தின்னத்தான் கோலம் என்பது அவள் கட்சி. காலையில் போட்டால் மத்தியானத்துக்குள் பாதியைத் தூக்கிக்கொண்டு போயிருக்கும்.

"என்னாங்க, இங்க வாங்களேன். நேத்து கோலம் அப்படியே கெடக்குது."

"காத்து இல்ல, அதான்."

"காத்தா கோலத்த திங்கும்?"

அவள் அதைப் பெருக்கவில்லை. பக்கத்தில் இன்னொன்று போட்டாள். மறுநாள் ரெண்டும் இருந்தன. அதற்கு மறுநாள் மூன்று. ஒரு புள்ளி கலையவில்லை, ஒரு கோடு அறுபடவில்லை. மூன்று நாள் கோலம் வரிசையாக வெள்ளை வெளேரென்று கிடப்பதை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. தாண்டி உள்ளே போக எங்கள் ரெண்டு பேருக்கும் கால் எழவில்லை. பக்கவாட்டில் தட்டியை விலக்கிப் போனோம்.

அப்புறம்தான் காது கேட்டது. கேட்காததைக் கேட்டது என்று சொல்ல வேண்டும். மில்லில் திடீரென்று கரண்ட் போனால் அத்தனை மெஷினும் ஒரே நேரத்தில் நிற்கும். அந்த நொடியில் காதுக்குள் ஒரு பள்ளம் விழும். யாராவது கத்திப் பேசிக்கொண்டிருந்தால் அவர் குரல் மட்டும் தனியாகத் தொங்கும். கொல்லையில் பட்டப்பகலில் அப்படி இருந்தது. வாய்க்காலில் தவளை இல்லை. நான் கொத்தினால் பின்னாலேயே வரும் மைனா ரெண்டு, அதுவும் இல்லை. கொக்கு மனைக் கல்லின் மேல் உட்கார்ந்திருந்தது, எங்கள் பக்கம் இறங்கவில்லை. பாகல் பூத்திருந்தது, பூ எல்லாம் காய் பிடிக்காமல் கொடிக்குக் கீழே கொட்டிக் கிடந்தது.

ஆனால் கீரை! அப்படி ஒரு கீரையை நான் வளர்த்ததே இல்லை. ஒரு இலையில் ஓட்டை கிடையாது. பாத்தி முழுக்க ஒரே உயரம், ஒரே பச்சை. சனிக்கிழமை பதினாலு வீட்டிலும் பாராட்டு. "இப்பதான் கீரை மாதிரி இருக்கு," என்றார்கள். பூச்சிக் கதை கேட்ட வீட்டில் இன்னும் ரெண்டு கட்டு கேட்டார்கள். மதாம் கட்டைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"எவ்ளோ அழகு! இத போட்டோ எடுத்து என் பிள்ளைக்கு அனுப்பறேன். இனிமே வாயத் தொறக்கமாட்டான்."

எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. மறைத்து என்ன பயன்? ரெண்டு வாரம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தேன்.

மூன்றாவது வாரம், வெள்ளிக்கிழமை, உறைக்குள் பார்த்தேன். மண்புழு எல்லாம் வெளியே வந்திருந்தன. வெயில் ஏறுகிற நேரம். புழு வெயிலுக்கு வராது. அத்தனையும் சிமென்ட் சுவரில் ஒட்டிக்கொண்டு மேலே ஏறிக்கொண்டிருந்தன, ஒன்றின் மேல் ஒன்றாக, சத்தமே இல்லாமல். விளிம்பைத் தாண்டியவை வெளிப்பக்கம் காய்ந்து ஒட்டியிருந்தன, மில் தரையில் அறுந்து கிடக்கும் நூல் துண்டு மாதிரி. உள்ளே எதைப் பார்த்து இப்படி ஓடுகின்றன என்று எட்டிப் பார்த்தேன். கறுப்பு மண்ணும், நடுவில் ரெண்டு மூன்று மஞ்சள் இதழும்தான் இருந்தன.

"சாமிக்கு போட்ட பூவ மீன் குடலோட கலந்தீங்க," என்றாள் என் வீட்டுக்காரி. "அதான் மண்ணு எல்லாத்தையும் வெளிய தொரத்துது. ஒரு எலுமிச்சம்பழம் அறுத்து வெச்சு மன்னிப்பு கேளுங்க."

கேட்டேன். பழத்தை அறுத்து நாலு மூலையிலும் வைத்தேன். நான் நம்பவில்லை என்று சொல்ல மாட்டேன். அன்று அதைத்தான் நம்பினேன். மறுநாள் சனிக்கிழமை. கீரையை அறுத்துப் பதினாலு வீட்டுக்கும் கொடுத்தேன். மதாமுக்கும் கொடுத்தேன். நிறுத்தினால் நிலம் போய்விடும். அதுதான் மனசில் ஓடியது.

ஞாயிற்றுக்கிழமை மச்சான் வந்தான், கோழி சாப்பிட. கரண்டியால் சாப்பிட்டான்.

"இன்னாடா, தொர மாதிரி சாப்பிடறே?" என்றாள் அக்கா.

"கை எரியுது அக்கா. குழம்பு பட்டா உசுரு போவுது." கையை விரித்துக் காட்டினான். விரல் இடுக்கெல்லாம் தோல் உரிந்து சிவந்திருந்தது. "பூ மூட்டை தூக்கற எல்லாருக்கும் இதான். மருந்து."

"பூவுக்கு எதுக்குடா மருந்து?" என்றேன்.

"நல்லா கேட்டே போ! காய்க்காவது நாலு பேரு கேள்வி கேப்பான். பூவுக்கு கேள்வியே கெடையாது. காலைல அடிப்பான், சாயங்காலம் பறிப்பான். ஒரு இதழ்ல புள்ளி இருந்தா ஏலத்துல எடுக்கமாட்டான். பூவ யாரு மாமா திங்கப்போறா?"

தட்டை நகர்த்தி வைத்தேன். பூவைப் பற்றி இல்லை, வேறு ஒன்று ஞாபகம் வந்தது. மில்லில் நான் சேர்ந்த புதுசில் பஞ்சு மூட்டை பிரிக்கிற இடத்தில் போட்டார்கள். இரும்புப் பட்டையை வெட்டியதும் மூட்டை உப்பி எழும். அப்போது கண் எரியும், தண்ணீராகக் கொட்டும். பஞ்சுக்குச் செடியிலேயே மருந்து அடித்திருக்கிறார்கள் என்று வயசான மேஸ்திரி சொன்னார். "பஞ்ச யாரு திங்கப்போறா, போய் வேலைய பாரு," என்று இன்னொருத்தர் சொல்ல, எல்லாரும் சிரித்தோம். நானும் சிரித்தேன். எனக்கு முன்னமே தெரிந்த விஷயம் அது. அவ்வளவு வருஷம் எனக்குள்ளேயே கிடந்திருக்கிறது.

மறுநாள் பால்காரரின் சாணிக் குவியலில் இருந்து கொஞ்சம் புழு வாங்கினேன். ரெண்டு மண் சட்டி. ஒன்றில் மேற்குப் பாதி மண். அங்கே பூ லோடு போகவில்லை, தென்னங்கன்றும் புல்லும்தான். இன்னொன்றில் கீரைப் பாத்தி மண். புழுவைப் பாதிப் பாதியாக விட்டு, ஈரத் துணி மூடி வைத்தேன். காலையில் முதல் பஸ்ஸுக்குப் போய்த் துணியை எடுத்தோம். முதல் சட்டியில் ஒன்றையும் காணோம். கிளறினால் அடியில் இருந்தன. ரெண்டாவது சட்டியில் எல்லாம் மேலே, துணியில் ஒட்டிக்கொண்டு தொங்கின.

என் வீட்டுக்காரி மாவுக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு மேற்குப் பக்கம் போனாள். தென்னங்கன்றுக்கு நடுவில் தரையைத் தட்டி, தண்ணீர் தெளித்துக் கோலம் போட்டாள். அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். மத்தியானம் நான் போய்ப் பார்த்தேன். கோலத்தில் பாதி இல்லை. எறும்பு வரிசை அவள் காலைச் சுற்றிப் போய்க்கொண்டிருந்தது. அவள் அதைப் பார்த்து அழுதுகொண்டிருந்தாள்.

பூதான் காரணம் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். சோதித்துப் பார்க்கிற படிப்பு எனக்கு இல்லை. சட்டியையும் கோலத்தையும்தான் நான் கண்டேன்.

சனிக்கிழமை வெறும் பையோடு மதாம் வீட்டுக்குப் போனேன். மாதாவின் மாலையைக் கவரில் போட்டு வாசலில் தயாராக வைத்திருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன்.

"மூணு வாரமா எனக்கு குடுத்தியே?"

"ஆமாம் மதாம்."

"தெரிஞ்சா குடுத்தே?"

"மொத ரெண்டு வாரம் தெரியாது. மூணாவது வாரம் சந்தேகம் வந்துது. வந்தும் குடுத்தேன்."

"ஏன்?"

"நெலம் போயிடுமேன்னு."

"அலோர்," என்றார். சரி, அப்புறம் என்கிற மாதிரி ஒரு பிரெஞ்சு வார்த்தை. "கீரை இனிமே எப்ப வரும்?"

"தெரியல மதாம். மழை ரெண்டு போவணும். எறும்பு வந்தாதான் சொல்ல முடியும்."

"எறும்பு வரட்டும்னு காத்திருக்கேன்னு என் பிள்ளைகிட்ட சொல்லவா? பைத்தியம்னு டிக்கெட் போட்டு வந்துடுவான்." சிரிக்கிற மாதிரி இருந்தது, சிரிக்கவில்லை. பிறகு அந்தக் கவரைத் தூக்கிக் காட்டினார். "அப்ப இத இன்னா பண்றது? குப்பைல போட முடியாது. நீயும் வாங்கமாட்டே."

கவரை எங்கள் ரெண்டு பேருக்கும் நடுவில், படியில் வைத்தார். அதை அங்கேயே விட்டு வந்தேன்.

மற்ற வீடுகளில் பூவை வாங்க மாட்டேன் என்றதும் சிலருக்குக் கோபம். சாமிப் பூவைப் போய் விஷம் என்கிறானே என்று. ஐந்து வீடு அத்தோடு நின்றது. எனக்கு அதைவிடப் பயமாக இருந்தது இன்னொரு வீடு. அந்த அம்மா, "பரவால்ல, நல்லா அலசிட்டு சாப்பிடறோம், அந்த ஓட்டை இல்லாத கீரையே குடுங்க," என்றார். நான் கிழக்குப் பாதியில் இருந்த கீரை முழுவதையும் பிடுங்கி, குழியிலேயே போட்டு மூடினேன்.

ஆடியில் மதாமின் பிள்ளை வந்தார். கேட்டில் நின்று, அம்மாவும் பிள்ளையும் பிரெஞ்சில் சண்டை போடுவதைக் கேட்டேன். எனக்கு அதில் ஒரு வார்த்தை புரியவில்லை, என் நிலத்தைப் பற்றி என்பது மட்டும் புரிந்தது. கடைசியில் மதாம் வெளியே வந்து, "அவனுக்கு பாதி, எனக்கு பாதி," என்றார். பாதையை ஒட்டிய கிழக்குப் பாதி போனது. கிணறும் போனது. மேற்குப் பாதி நிற்கிறது. பால்காரரின் போர்வெல்லில் இருந்து தண்ணீர் வாங்கி, அங்கே கீரை போட்டிருக்கிறோம். ஓட்டை ஓட்டையாக வருகிறது. மதாம் ஒவ்வொரு சனிக்கிழமையும் கட்டை வெளிச்சத்தில் பிடித்து, ஓட்டையை எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே எடுத்துப் போகிறார்.

கிழக்கில் கல் நட வந்தவனிடம் சொன்னேன். இந்த மண்ணில் இப்படி இப்படி, வாங்குகிறவர்களிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடு என்றேன். அவன் வெள்ளை அடித்துக்கொண்டே திரும்பிப் பார்த்தான். "தாத்தா, வீடு கட்டப்போறாங்க. மண்ணையா திங்கப்போறாங்க?"

அங்கே புல் முளைத்துவிட்டது. நல்ல உயரம். நடுவில் நடந்தால் வெட்டுக்கிளி ஒன்று எழும்ப வேண்டும், எழும்புவதில்லை. வாங்கியவர்கள் யார் என்று எனக்குத் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை காரில் வருகிறார்கள், கல்லுக்குப் பக்கத்தில் நின்று போட்டோ எடுக்கிறார்கள், போகிறார்கள். நான் வேலியோரம் போய்க் கூப்பிட்டால், கூலி கேட்க வந்த கிழவன் என்று நினைத்துக் கண்ணாடியை ஏற்றிவிடுகிறார்கள். வீடு கட்டினால் பின்பக்கம் ஒரு கறிவேப்பிலை வைப்பார்கள், ரெண்டு பாத்தி கீரை விதைப்பார்கள். குழந்தை மண்ணை அள்ளி வாயில் போடும்.

இவ்வளவு நேரம் நான் சொன்னதைக் கேட்ட நீங்கள் படித்தவர், காலாப்பட்டு வழியாகப் போய் வருகிறவர். நீங்கள் சொன்னால் அவர்கள் நின்று கேட்பார்கள். அங்கே யாராவது மனை வாங்கியிருப்பதாகத் தெரிந்தால் இதை அவர்களிடம் சொல்லிவிடுங்கள். என் பேச்சை நம்ப வேண்டாம். வாசலில் பச்சரிசி மாவில் ஒரு கோலம் போட்டு, மத்தியானம் வரைக்கும் பார்க்கச் சொல்லுங்கள். அப்படியே இருந்தால், பின்பக்கம் எதையும் விதைக்க வேண்டாம் என்று சொல்லுங்கள்.